அடுத்தவர் எழுத்துக்கு 403 நாள் சம்பளம்

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒரு விலையைச் சொல்கிறது. பொய்யான கூற்றொன்றை இணையத்தில் பரப்பி, அதனால் தேசியப் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ ஆபத்து வந்தால், அல்லது ஒரு சாராருக்கும் இன்னொரு சாராருக்கும் இடையில் பகை மூண்டால், ஐந்து வருடம் வரை சிறை. 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணம். கொழும்பில் 5 இலட்சம் என்பது விலை உயர்ந்த கைபேசி ஒன்றின் காசு. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலைத்தான் திறக்க வேண்டும்.

தோட்டத்தில் சம்பளக் கணக்கு பேரில் நடக்கிறது. காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக்குப் போய், மலையேறி, கேட்ட நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா கழியும். சந்தா, கோயில் பணம், முற்பணம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் விட்டுவிடுகிறேன். மிச்சம் 1,242. ஐந்து இலட்சத்துக்கு 403 பேர் வேண்டும். மாதம் 25 பேர் விழுந்தால் 16 மாதம். மழை, பனி, கொழுந்து இல்லாத காலம் என்று 18 பேரோடு நின்றுவிட்டால் 22 மாதத்துக்கும் மேல். 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படையை 1,550 ஆக்கி, அரசு தன் பங்குக்கு நாளுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னார்கள். அதை வைத்துப் போட்டாலும் முந்நூற்றுச் சொச்சம் பேர்.

கொழுந்தாகவும் பார்க்கலாம். ஒரு பேருக்கு 18 கிலோ என்று வைத்தால் 403 பேருக்கு 7,254 கிலோ பச்சைக் கொழுந்து. நாலரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கொழுந்தில் ஒரு கிலோ தூள் இறங்கும். ஆகவே ஏறத்தாழ 1,550 கிலோ தேயிலை. கோப்பைக்கு 2 கிராம் என்றால் ஏழே முக்கால் இலட்சம் கோப்பைத் தேநீர். ஒரு பெண் பதினாறு மாதம் முதுகில் கூடை கட்டிப் பறிக்க வேண்டிய தொகை அது.

பொய்யைத் தன் கையால் எழுதிப் பரப்பியவருக்குத்தான் இத்தனையும் என்றால் இந்தக் கணக்குக்கு அவசியமே இல்லை. யாரோ எழுதியதைத் தன் பக்கத்தில் நிற்கவிட்டவரின் பொறுப்பு எவ்வளவு? மலையகத்தில் இது ஏட்டுக் கேள்வி அல்ல.

பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரபத்தனை என்று ஊருக்கு ஊர் முகநூல் பக்கங்கள் இருக்கின்றன. நடத்துபவர் பெரும்பாலும் கொழும்பில் கடையில் நிற்கும் பையனாக இருப்பார். இல்லையென்றால் ரியூஷன் வகுப்பு நடத்தும் ஒருவர். இந்தப் பக்கங்களைச் சின்ன விஷயமாக எண்ணிவிடக் கூடாது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டுக் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு திரண்ட மலையக இளைஞர்களை எந்தத் தொழிற்சங்கமும் லொறி வைத்து ஏற்றி வரவில்லை. பெரும்பாலும் முகநூலில் பார்த்துத்தான் வந்தார்கள்.

அப்படி ஒரு பக்கத்தில் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். லயத்துக் கூரைத் தகரம் காற்றில் போன படம் ஒன்று. கீழே முதல் நாற்பது கருத்துகள் ‘பாவம்’, ‘யாரும் கேட்பதில்லை’, கைகூப்பும் சின்னம். நாற்பத்தோராவது ஆள் வந்து, தகரத்துக்கு வந்த காசை இன்னார்தான் தின்றார் என்று பெயர் போட்டு எழுதிவிட்டுப் போகிறார். அவருடைய கணக்கில் நடிகர் ஒருவரின் படம், பிறந்த ஊர் பாரிஸ். எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தை நடத்துபவர் எந்த லயத்தில், எத்தனையாவது காம்பிராவில், யாருடைய மகன் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். வழக்குப் போட முகவரி உள்ள ஆள் ஒருவர்தான்.

பத்திரிகைக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1839ஆம் ஆண்டின் பத்திரிகைகள் கட்டளைச் சட்டத்திலிருந்தே அச்சிடுபவரும் வெளியிடுபவரும் பெயர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 1920களில் கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ நடத்தியபோது பத்திரிகைக்கு வந்த எழுத்து அவர் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்கு ஏறியது. படித்தார், தெரிந்தெடுத்தார், போட்டார், பொறுப்பும் அவருடையது. இப்போதோ எழுத்து முதலில் வெளியாகிறது, பிறகுதான் பக்கம் நடத்துபவர் அதைப் பார்க்கிறார். சில வேளை பார்ப்பதேயில்லை.

இந்த மாற்றத்துக்கு உலகத்து நீதிமன்றங்கள் போட்ட விலை ஒரே சீராக இல்லை. அமெரிக்காவில் 1991இல் கொம்பியூசேர்வ் என்ற நிறுவனம் தப்பியது. தன் சேவையில் வெளியார் எழுதியதை அது பார்க்கவேயில்லை என்பதுதான் காரணம். 1995இல் புரோடிஜி என்ற நிறுவனம் மாட்டியது. கெட்ட வார்த்தைகளை நீக்கி, ஓரளவு கண்காணித்து வந்ததே அதற்கு வினையாயிற்று. கண்காணிக்கிறாய் என்றால் நீ வெளியீட்டாளன் என்றது நியூயோர்க் நீதிமன்றம். அந்த வழக்கில் கேட்ட நட்டஈடு 20 கோடி டொலர். வாசலைக் கூட்டிச் சுத்தமாக வைத்தவனுக்குத் தண்டனை, குப்பையை அப்படியே விட்டவனுக்கு விடுதலை என்ற இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் 1996இல் 230ஆம் பிரிவு வந்தது. அதன் உயிர்நாடி ஆங்கிலத்தில் வெறும் 26 சொற்கள்: அடுத்தவர் தந்த தகவலுக்குத் தளத்தை வெளியீட்டாளராகக் கொள்ளக்கூடாது. இன்றைய பெருநிறுவனங்கள் வளர்ந்தது அந்த நிழலில்தான்.

எஸ்தோனியாவில் கதை வேறு. 2006 ஜனவரியில் டெல்ஃபி என்ற செய்தித்தளம் ஒரு படகுச் சேவை நிறுவனத்தைப் பற்றி எழுதியது. கீழே 185 கருத்துகள். அவற்றில் 20 மிரட்டலும் வசையும். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்த அன்றே டெல்ஃபி நீக்கிவிட்டது. ஆனாலும் 5,000 குரூன், அதாவது 320 யூரோ நட்டஈடு கட்டச் சொன்னது அந்நாட்டு நீதிமன்றம். டெல்ஃபி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூன் 16இல் 17 நீதிபதிகளில் 15 பேர் அந்தத் தீர்ப்பு சரி என்றனர். அந்த மாத நாணய மதிப்பில் மொத்தம் ஏறத்தாழ 48,000 இலங்கை ரூபா. கெட்ட கருத்து ஒன்றுக்கு 2,400.

இதை மலேசியாவோடு வைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் ‘மலேசியாகினி’ செய்தித்தளத்தில் நீதித்துறையைத் தாக்கி வாசகர்கள் எழுதிய கருத்துகள் ஐந்து. பொலிஸார் தொடர்புகொண்ட 12 நிமிடத்தில் நீக்கிவிட்டதாகத் தளம் சொன்னது. 2021 பெப்ரவரி 19ஆம் திகதி கூட்டரசு நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்த்து, 5 இலட்சம் ரிங்கிட் தண்டப்பணம் போட்டது. அரச தரப்பு கேட்டதே 2 இலட்சம்தான். அன்று ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 48 ரூபா. ஆக 2 கோடியே 40 இலட்சம் ரூபா, கருத்து ஒன்றுக்கு 48 இலட்சம். அடுத்த மாதமே இங்கே தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. அந்த ஆயிரத்தில் சேமலாப நிதி போக 920. ஒரு கருத்துக்கு 5,217 பேர். வருடம் 300 பேர் என்றால் பதினேழு வருட உழைப்பு.

மலேசியாகினிக்கு வாசகர்கள் இருந்தார்கள். தீர்ப்பு வந்த அன்றே ஐந்து மணி நேரத்துக்குள் முழுத் தொகையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நமது பக்கங்களுக்கும் பின்தொடர்வோர் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமானச் செலவுக் கணக்கெடுப்பின்படி தோட்டத்துறையில் வறியோர் 33.8 வீதம், நாடு முழுக்க 14.3. விருப்பக்குறி போட ஆள் உண்டு, ஆயிரம் ரூபா போட ஆள் குறைவு.

அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2021 செப்டெம்பர் 8ஆம் திகதி சொன்ன தீர்ப்புதான் நமக்கு மிகக் கிட்டியது. அங்கே விவகாரம் செய்தித்தளம்கூட அல்ல, ஊடக நிறுவனங்களின் முகநூல் பக்கங்கள். பக்கத்தைத் திறந்து, கருத்தெழுத வாய்ப்பும் கொடுத்தீர்கள் என்றால் அங்கே வரும் கருத்துக்கு நீங்களும் வெளியீட்டாளர் என்று ஏழு நீதிபதிகளில் ஐவர் தீர்த்தார்கள். தனக்கு அப்படியொரு கருத்து வந்திருப்பதே தெரியாது என்ற வாதம் அந்தக் கட்டத்தில் எடுபடவில்லை.

மதுரை இதற்கு நேர் எதிரான திசையில் போனது. கரூர் வழக்கறிஞர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் போட்ட பதிவுக்காகக் குழு நிர்வாகியையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். 2021 டிசெம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் வெறும் நிர்வாகி மட்டும்தான் என்றால் பெயரை எடுத்துவிடச் சொன்னது. இரண்டு மாதம் கழித்துக் கேரள உயர் நீதிமன்றமும், ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே அதிகாரம் உள்ள நிர்வாகி அடுத்தவர் பதிவுக்குப் பொறுப்பாளி இல்லை என்று தீர்த்தது. அங்கே விலை பூச்சியம்.

இனி நம் நாட்டுக் கணக்கு. முதல் விலைச்சீட்டு 2012 ஜூலையில் வந்தது: செய்தித்தளம் நடத்தப் பதிவுக் கட்டணம் 100,000 ரூபா, வருடா வருடம் புதுப்பிக்க 50,000 என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த வருடம் கூட்டு ஒப்பந்தப்படி எல்லாக் கொடுப்பனவும் சேர்த்துத் தோட்டச் சம்பளம் 515 ரூபா. வாயைத் திறக்கும் முன்பே 195 பேர். அதற்குப் பத்து வருடம் முன்னால், 2002இல், இதே நாடு அவதூறைக் குற்றவியல் சட்டத்திலிருந்தே நீக்கியிருந்தது என்பதையும் நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமே என்பதற்காகக் குறித்து வைக்கிறேன்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. அதற்கு முன் உயர் நீதிமன்றத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. 31 வாசகங்களைத் திருத்தாவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சொன்னபடி திருத்தாமலே கையெழுத்திட்டார் என்று சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தனவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. அது 2024 மார்ச்சில் 75க்கு 117 என்று தோற்றது. எண்கள் அத்தனையும் பாராளுமன்றத்தில் விளையாடி முடிந்தன. தோட்டத்துப் பக்கத்து நிர்வாகி அந்த எண்களுக்குள் எங்கும் வரவில்லை.

அவர் சட்டத்துக்குள்ளும் சரியாக வரவில்லை என்பதே என் குறை. இணைய இடையீட்டுச் சேவை வழங்குபவருக்குச் சட்டம் ஒரு விலக்குக் கொடுக்கிறது: தகவலை நீ தொடங்கவில்லை, பெறுபவரைத் தெரிவு செய்யவில்லை, உள்ளடக்கத்தைத் தெரிவு செய்யவோ மாற்றவோ இல்லை என்றால், பயனர் எழுதியதற்கு நீ பொறுப்பில்லை. முகநூல் கம்பனி இந்தக் குடைக்குள் தாராளமாக நிற்கலாம். பக்கம் நடத்துபவர்? அவர் சேவை வழங்குபவர் அல்லர், அதே சேவையைப் பாவிக்கும் இன்னொரு பயனர். சட்டத்தைப் படித்தால் குடை அவருக்கு எட்டவில்லை என்றே எனக்குப் படுகிறது. எட்டினாலும், இரண்டு வசையை நீக்கி மூன்றாவதை விட்டால் ‘தெரிவு செய்தாய்’ என்று சொல்ல இடமிருக்கிறது. புரோடிஜியின் 1995 கோணல் முப்பது வருடம் கழித்து நுவரெலியா மாவட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தச் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் நம் மத்திய மாகாணத்திலேயே நடந்தது; அதை மறுக்க முடியாது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் எரிந்தன, உயிர்களும் போயின. வெறுப்பு முகநூலில் ஊறியது. அரசு மார்ச் 6இல் அவசரகால நிலையை அறிவித்தது, 7ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கியது, முகநூல் 15ஆம் திகதிதான் திரும்பியது. சிங்களம் தெரிந்த கண்காணிப்பாளருக்கான சுமார் 25 வேலையிடங்கள், அதற்கு முந்திய வருட ஜூனில் விளம்பரம் செய்தும் நிரப்பப்படாமல் கிடந்ததை அந்த ஏப்ரலில் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்டது. அந்த வருடம் முகநூல் கம்பனியின் வருமானம் 5,580 கோடி டொலர். 2020 மேயில் அது மன்னிப்புக் கேட்டது. தண்டப்பணம் எதுவும் இங்கே அதன்மேல் விழவில்லை. 25 பேருக்குச் சம்பளம் கொடுக்காத கம்பனியின் கணக்கில் ‘மன்னிக்கவும்’ ஒன்றோடு பக்கம் மூடப்பட்டது.

தனி ஆளின் கணக்கு அப்படி மூடாது. கண்டி மாவட்டம் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தரும் முகநூல் எழுத்தாளருமான ரம்ஸி ராஸிக், பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போர் நடத்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் எழுதினார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, பொலிஸில் முறையிட்டார். ஏப்ரல் 9ஆம் திகதி கைதானவர் அவர்தான். பிணை கிடைத்தது செப்டெம்பர் 17இல். 161 நாள். அவர்மேல் பாய்ந்த குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் 2007இல் வந்தது. அதில் உச்சத் தண்டனை 10 வருடம், நீதவான் பிணை தர முடியாது. எழுத்தாளருக்கே இந்த நிலை என்றால், எழுத்துக்கு இடம் கொடுத்தவரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கப் பொலிஸாருக்கு நேரம் இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

சிவில் வழக்கு இன்னொரு தலைவலி. அரசியல்வாதிகள் சட்டத்தரணி மூலம் அனுப்பும் கோரிக்கைக் கடிதங்களில் 100 கோடி ரூபா என்பது சகஜமான தொகை. 1,242ஆல் வகுத்தால் 8 இலட்சத்து 5 ஆயிரம் பேருக்கு மேல். வருடம் 300 என்றால் 2,684 வருடம். நீதிமன்றம் அதைக் கொடுக்கப் போவதில்லை என்பது அனுப்புபவருக்கும் தெரியும். கடிதம் லயத்துக்கு வந்த அன்று மாலையே பக்கம் மூடப்பட்டுவிடும், அனுப்பியவருக்கு அது போதும். கூரைத் தகரத்தின் படமும் அதோடு போய்விடும்.

வேலை அளவையும் பார்த்துவிடுவோம். டெல்ஃபிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கருத்துகள் வந்தன. ஒன்றுக்குப் பத்து விநாடி என்றாலும் 27 மணி 46 நிமிடம். எட்டு மணி நேர வேலையாட்கள் மூன்றரைப் பேர். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க விளம்பர வருமானம் இருந்தது. நம் பக்கத்தில் ஒரு பதிவுக்கு 300 கருத்து என்று வையுங்கள்: 50 நிமிடம், கூலி பூச்சியம். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் ஆணைக்குழுவின் அறிவித்தல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணங்க வேண்டும். கொழும்புக் கடையில் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நிற்கிற பையனுக்கு அதில் பாதி போய்விடும். ஊருக்குப் போயிருந்தாலோ, சில டிவிஷன்களில் சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். விசாரணை என்று கொழும்புக்குக் கூப்பிட்டால் ஹட்டனிலிருந்து ரயில் பாதை சுமார் 170 கிலோமீட்டர். போக ஒரு பேர், வர ஒரு பேர் உடைந்துவிடும்.

வெறுப்பை எழுதியவர் தப்பக் கூடாது. தெரிந்தே அதை நிற்கவிட்டு விருப்பக்குறி எண்ணியவரும் தப்பக் கூடாது. ஆனால் பார்த்ததும் நீக்கியவருக்கு விலை பூச்சியமாக இருக்க வேண்டும். எது சட்டவிரோதம் என்பதை ஆணைக்குழுவின் கடிதம் தீர்மானிக்கக் கூடாது, நீதிமன்றக் கட்டளை தீர்மானிக்க வேண்டும். இந்தியாவில் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் 2015 மார்ச் 24ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இடையீட்டாளரின் பொறுப்பை நீதிமன்றக் கட்டளையோடும் அரசின் முறையான அறிவித்தலோடும் கட்டியது. இங்கே முதல் பாதி போதும். தண்டப்பணத்தையும் இப்படி ஒரே தொகையாகப் போடாமல் வருமானத்தோடு கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் பெருந்தளங்களுக்கு உலக வருமானத்தில் 6 வீதம் வரை என்கிறது. 5,580 கோடி டொலரில் 6 வீதம் 334 கோடியே 80 இலட்சம் டொலர். தோட்டத்துப் பக்கத்தின் வருமானத்தில் 6 வீதம் எவ்வளவு என்று கேட்டால், அது வகுக்கத் தேவையில்லாத கணக்கு.

பக்கம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆள் பெயர் வரும் பதிவில் கருத்துப் பகுதியை மூடி வையுங்கள். 2021 மார்ச்சிலிருந்து பக்கத்துப் பதிவுகளில் யார் கருத்தெழுதலாம் என்பதை நீங்களே கட்டுப்படுத்த முகநூல் விடுகிறது. நீக்கும் முன் திரைப்பிடிப்பு எடுத்து, நீக்கிய திகதியும் நேரமும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நிர்வாகிகளாக இரண்டு மூன்று பேர் இருங்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்தப்போவதாக இன்றைய அரசும் சொல்லியிருக்கிறது. அந்த விலக்குப் பிரிவில் ‘பக்கமோ குழுவோ நடத்தும் பயனரும்’ என்று நான்கு சொற்களைச் சேர்க்கச் சொல்லி, நீங்கள் வாக்களித்து அனுப்பிய பாராளுமன்ற உறுப்பினரிடம் இந்த மாதமே எழுத்தில் கேளுங்கள்.